கேபினெட் கடைசியில் வரட்டும்

கேள்வி இதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. ரப்பர்த் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் 1980களில் வாங்கிய, ஒரே மாடி கொண்ட வரிசை வீடு. அம்மாவுக்கு 71 வயது. இன்றும் அவர்தான் சமைக்கிறார். பின்பக்கச் சமையலறை பகலிலும் இருட்டு, கூரை ஒழுகுகிறது, சுவரெல்லாம் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். தம்பியின் சேமநிதியிலிருந்து 20,000 வெள்ளி (ரிங்கிட்) எடுத்து வைத்திருக்கிறார்கள். ஈப்போவில் பார்த்த பளபளக்கும் வெள்ளைக் கேபினெட்டை மூன்று மாதத்தில், தீபாவளிக்கு முன் போட்டுவிட முடியுமா, எந்தப் பலகை, எந்தக் கல் நல்லது என்று மகள் கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: "அம்மா அம்மியை விடமாட்டேன் என்கிறார், அதை என்ன செய்வது?"

முடியும். ஆனால் கேபினெட்டிலிருந்து தொடங்கினால் முடியாது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் கேபினெட் செய்து விற்றுத்தான் பிழைக்கிறேன். அதனால் இதைச் சொல்வது என் வயிற்றில் நானே அடித்துக்கொள்வதுபோல. இருந்தாலும் சொல்கிறேன்: உங்கள் சமையலறை இருட்டாக இருப்பதற்குக் காரணம் பழைய அலமாரி அல்ல. வெளிச்சம் உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வழியில்லாததுதான் காரணம். அந்த அறையில் வெள்ளைக் கதவுகளை மாட்டினால், ஆறு மாதத்தில் மஞ்சள் பூத்த வெள்ளைக் கதவுகள் கிடைக்கும்.

இந்தப் பாடத்தை என் அம்மாவின் வீட்டில்தான் படித்தேன். தொழில் கற்ற புதிதில், லயத்து வீட்டில் விறகு அடுப்பு ஊதிய அம்மாவுக்கு ராணி மாதிரி ஒரு சமையலறை கட்டித்தர வேண்டும் என்று ஆசை. மரத்துகளை அழுத்திச் செய்த சிப்போர்டில் கேபினெட், தரையிலிருந்து சரியாக 90 செ.மீ. உயரத்தில் மேடை. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளில் சிங்க்குக்குக் கீழே இருந்த பலகை ஊறி, ரொட்டியைத் தேநீரில் நனைத்ததுபோல் உப்பிப்போனது. கீல் திருகு பிடிக்க இடமில்லாமல் கதவு ஒருநாள் அம்மாவின் காலில் விழுந்தது. அதைவிட எனக்கு வெட்கமானது வேறொன்று. ஒருநாள் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்பின் முன் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்று மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அவர் உயரம் 148 செ.மீ. நான் அளந்தது சுவரை; ஆளை அளக்கவில்லை.

ஆகவே முதலில் கூரையைப் பாருங்கள். தாமான் வீடுகளில் பின்பக்கச் சமையலறை பெரும்பாலும் வீட்டோடு பிறந்ததில்லை. பிறகு நீட்டிக் கட்டியது. பழைய ஓட்டுக்கூரையும் நீட்டிய தகரக்கூரையும் சேரும் கோட்டில்தான் ஒழுகல் இருக்கும். அங்கே இருக்கும் மடிப்புத் தகட்டில் தார் பூசிப் பூசி ஒப்பேற்றியிருப்பார்கள். பூச்சு இரண்டு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். தகட்டைக் கழற்றி, சுவருக்குள் காடி வெட்டிச் செருகி, புதிதாக மடித்து அடிப்பதுதான் வேலை. நம் பேராக்கில் மழைக்கா பஞ்சம்? மாலையில் இடியோடு கொட்டும் நாளில் டார்ச் விளக்கோடு போய் நின்று, தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று பாருங்கள். சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை; சட்டத்தின் வழியே ஒரு மீட்டர் ஓடி வந்துகூடச் சொட்டும்.

கூரைக்கு ஏறியவர் அப்படியே சுவரையும் பார்க்கட்டும். பழைய வீட்டுச் சுவரும் நீட்டிய சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் இருக்கும். இல்லாத வீட்டை நான் பார்த்தது குறைவு. இரண்டுக்கும் அடித்தளம் வேறு. வீடு இறங்கி முடித்த பிறகு நீட்டியது இறங்கத் தொடங்கியிருக்கும். அதில் சிமெண்டு வைத்து அடைப்பது வீண். நெகிழும் தன்மையுள்ள சீலண்ட்தான் அதற்கு. விரல் நுழையும் அளவு அகலம் இருந்தால், அல்லது ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிக்கொண்டே போனால், என்னைப் போன்ற ஆளை விட்டுவிட்டுப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். காட்சிக்கூடத்தில் யாரும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது: மேல் கேபினெட்டையோ கல் மேடையையோ அந்த விரிசலின் குறுக்கே ஒரே துண்டாகப் போடக்கூடாது. ஒரு பாதி பழைய சுவரிலும் மறு பாதி புதுச் சுவரிலும் தொங்கினால், சுவர் நகரும்போது கதவுகள் கோணும், கல் வெடிக்கும். கேபினெட்டை அந்தக் கோட்டில் இரண்டாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

சுவரை இடிப்பது, பின்பக்கம் மேலும் நீட்டுவது என்று இறங்கினால், கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். சுங்கை சிப்புட் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. "எல்லோரும் அப்படித்தானே கட்டியிருக்கிறார்கள்" என்பது அனுமதி ஆகாது. பழைய கூரைத் தட்டி, அதாவது சீலிங், நுரையீரலைக் கெடுக்கும் நார் கலந்த, சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்க வாய்ப்புண்டு. அதைச் சுத்தியால் உடைக்கவோ, உரசித் தேய்க்கவோ விடாதீர்கள். நனைத்து, முழுத் தகடாக, திருகைக் கழற்றி இறக்க வேண்டும். விவரம் தெரிந்த ஆளிடம் விட வேண்டிய வேலை அது. அன்று அம்மா வீட்டில் இருக்க வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். நம் பெண்கள் சமையலறைத் தரையைத் துடைப்பதில்லை, கழுவுகிறார்கள். இரண்டு வாளி தண்ணீரைக் கொட்டி, விளக்குமாற்றால் பின்வாசலுக்குத் தள்ளுவார்கள். மேல்நாட்டுப் படத்தில் இருக்கும் சமையலறை இந்தப் பழக்கத்துக்குச் செய்ததல்ல. எனவே தரைக்குச் சாய்வு வேண்டும்: 3 மீட்டர் நீளத்துக்கு 3 செ.மீ.யாவது இறங்க வேண்டும், இறக்கம் வடிகால் குழியை நோக்கி இருக்க வேண்டும். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் உடைக்கும் கூலி மிச்சம் என்று சொல்வார்கள். ஒட்டினால் தரை ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. உயரும். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே முன்பு இருந்த படி இறக்கம் காணாமல் போகும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், புதுச் சமையலறையை முதல் முறை கழுவிய அன்று தண்ணீர் நேராகப் போய்ச் சாமி மேடைக்கு அடியில் நின்றது. டைல்ஸ் வேலை முடிந்ததும் கூலி கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்குகிற இடம் கண்ணுக்குத் தெரியும். தரைக்கு மினுக்குகிற டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானது போதும். 71 வயது, ஈரத் தரை, எண்ணெய். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பைப்புக்குத் தண்ணீர் வரும் பழைய இரும்புக் குழாய்களை இப்போதே மாற்றிவிடுங்கள். உள்ளே துருப்பிடித்துத் துளை பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். கேபினெட் போட்ட பிறகு அது பின்னால் ஒழுகினால் பெட்டியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழிவுக் குழாயும் அப்படியே: தேங்காய்ப்பாலும் எண்ணெயும் முப்பது ஆண்டுகளாக உள்ளே படிந்து கெட்டியாகியிருக்கும்.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய வீட்டுச் சமையலறையில் ஒன்றோ இரண்டோ பிளக்தான் இருக்கும். அதிலிருந்து நீட்டிப்புக் கம்பி போட்டு நான்கு பொருள் ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் 2,200 வாட், ஏர் பிரையர் 1,500 வாட், கூட்டினால் 3,700. நம் மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்தால் 16 ஆம்பியர். அந்தப் பிளக்கின் அளவு 13 ஆம்பியர். இதில் சோற்றுப் பானையை இன்னும் சேர்க்கவே இல்லை. அம்மா காலையில் பசியாறலுக்கு மூன்றையும் ஒன்றாகத் தட்டிவிட்டால், கம்பி சூடாகிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது.

மேடைக்கு மேலே குறைந்தது ஆறு பிளக் வையுங்கள். அவற்றை இரண்டு தனிச் சுற்றாகப் பிரியுங்கள். சிங்க்கிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். எதிர்காலத்தில் மின்காந்த (இண்டக்ஷன்) அடுப்பு வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனிக் கம்பி இப்போதே சுவருக்குள் போகட்டும். பெரிய அடுப்பு ஒன்று 7 கிலோவாட் இழுக்கும். அது 30 ஆம்பியர். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பெட்டி, பழைய வாய்வழக்கில் இஎல்சிபி, பிளக் சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிப்பதாக இருக்க வேண்டும். இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த மின்கம்பியாளர்தான் செய்ய வேண்டும். "நானே இழுத்துவிடுகிறேன் அக்கா" என்று சொல்லும் டைல்ஸ்காரரிடம் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

இப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகிறோம். கூரையைத் திறக்கும்போதே தகரத்தில் ஒரு தகட்டுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகட்டைப் போடச் சொல்லுங்கள். ஒன்றே போதும். ஆசைப்பட்டு மூன்று போட்டால் மதியம் இரண்டு மணிக்கு அம்மாவும் சேர்ந்து வெந்துபோவார். அதுவும் மேற்குப் பக்கம் வேண்டாம். சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே, ஒரு வரிசை காற்றுக்கல் (துளை வைத்த கல்) வைத்தால் சூடான காற்று தானாக வெளியேறும். அதற்கு உள்பக்கம் கொசுவலை அடியுங்கள், பல்லிக்கும் சேர்த்துத்தான்.

இரவு விளக்கில் எல்லாரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: கூரையின் நடுவில் ஒரு பெரிய விளக்கு. மேடையின் முன் நிற்கும்போது அந்த விளக்கு நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நம் நிழல்தான் வெங்காயத்தின் மேல் விழுகிறது. மேல் கேபினெட்டின் அடிப்புறத்தில், முன் ஓரத்தை ஒட்டி, நீளமாக ஒரு எல்இடி பட்டை ஒட்டுங்கள். 4,000 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருப்பதை வாங்குங்கள். 6,500 என்பது மருத்துவமனை நீலம்; அதில் மீன் குழம்பு சாம்பல் நிறத்தில் தெரியும். 2,700 என்பது உணவகத்து மஞ்சள், பார்வை மங்கிய கண்ணுக்குப் போதாது. சுவருக்கு வெளிர் நிறப் பெயிண்ட், அவ்வளவுதான். நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேச ஒன்றுமில்லை. ஆனால் பெயிண்ட் அடிக்கும் முன் சலவைச் சோடா கரைத்த நீரில் பிசுக்கைத் தேய்த்துக் கழுவி, கறை தடுக்கும் அடிப்பூச்சு ஒன்று கொடுக்காவிட்டால், பழைய புகைக்கறை புதுப் பெயிண்டைத் துளைத்து வெளியே வரும்.

புகை உறிஞ்சி வாங்குகிறீர்கள் என்றால், புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகையாக வாங்குங்கள். கரித்தூள் வடிகட்டி வைத்து, உள்ளேயே சுற்றிவிடும் வகை நம் மிளகாய் தாளிப்புக்கு முன் நிற்காது. குழாய் எவ்வளவு குட்டையோ, வளைவு எவ்வளவு குறைவோ, அவ்வளவு நல்லது. அடுப்பிலிருந்து 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வெளியே போகும் வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டாம், உறவு கெட்டுவிடும்.

கேஸ் சிலிண்டரை அழகுக்காகக் கேபினெட்டுக்குள் ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். மூடிய பெட்டிக்குள் தேங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 14 கிலோ சிலிண்டரைப் பின்சுவருக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமான கம்பிக் கூண்டில் வைத்து, சுவர் வழியே குழாய் இழுத்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்து மாட்டும் ஆளுக்கும் அதுதான் வசதி. உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால், கதவின் அடியில் காற்றுப் புகும் துளைகள் கட்டாயம்.

உயரத்துக்கு வருகிறேன். நான் தோற்ற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

இன்று நாம் பார்க்கும், சுவரோடு பொருத்திய சமையலறைகளுக்கெல்லாம் பாட்டி ஒன்று உண்டு. 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்துத் தொழிலாளர் வீடுகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வரைந்தது அது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். உங்கள் வீட்டுப் பின்பக்கத்தைவிடச் சிறியதாகக்கூட இருக்கலாம். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்து வரைந்தார். அதுவரை தாம் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். சமைக்காதவர் நல்ல சமையலறை வரையலாம். சமைப்பவரைப் பார்க்காதவர் வரைய முடியாது.

இன்று இரவு அம்மாவைச் செருப்பில்லாமல் நிற்கச் சொல்லி, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். 148 செ.மீ. உயரமானவருக்கு அது ஏறத்தாழ 93 செ.மீ. வரும். காய் நறுக்கும் மேடை முழங்கையைவிட 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும்: அப்படியென்றால் 80 செ.மீ. பக்கம். அடுப்பு அதையும்விடத் தாழ்வாக வேண்டும், ஏனென்றால் சட்டியின் உயரம் அதன் மேல் ஏறுகிறது. குவாலியில், அதாவது பெரிய வாணலியில், கரண்டி பிடித்துக் கிளறும் கை தோளுக்கு மேல் போகக்கூடாது. அடுப்பு மேடை 70 செ.மீ.யில் ஒரு படி இறங்கட்டும். சிங்க் மட்டும் தலைகீழ்: அங்கே வேலை நடப்பது தொட்டியின் அடியில், அதனால் விளிம்பு 85க்கு ஏறலாம். ஒரே சுவரில் மூன்று உயரமா, பார்க்க நன்றாக இருக்காதே என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான், ஒரே நேர்க்கோட்டில் ஓடும் கல் அழகுதான். அந்த அழகின் முன் தினமும் இரண்டு மணி நேரம் நிற்கப் போவது கடைக்காரர் அல்ல. மூன்று உயரம் மனத்துக்கு ஒவ்வாவிட்டால், அடுப்பை மட்டுமாவது இறக்குங்கள்.

கீழ்ப்பகுதியில் கதவைவிட இழுப்பறைகள் நல்லவை. கதவுக்குள் இருக்கும் சட்டியை எடுக்கக் குந்த வேண்டும், குனிய வேண்டும். இழுப்பறை தானாக வெளியே வருகிறது. விலை கூடுதல், எல்லா இடத்திலும் போட முடியாது. அடுப்புக்கு இரண்டு பக்கமும் போட்டால் போதும். செய்யச் சொல்லும் முன் வீட்டிலிருக்கும் இட்லிப் பானை, பொங்கல் பானை, பெரிய குவாலி எல்லாவற்றையும் வெளியே எடுத்து அளந்துகொள்ளுங்கள். அளக்காமல் செய்த அலமாரியில் அழகான கிண்ணங்கள்தான் இருக்கும். பானையெல்லாம் மறுபடி தரையில் இருக்கும்.

பலகைக்கு வருவோம். நம் ஊரில் செய்யும் எம்டிஎப் பலகையில் பெரும்பகுதி பால்மரம்தான். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி, நாராக்கி, பசை சேர்த்து அழுத்திப் பலகையாக்குகிறார்கள். உங்கள் அம்மா விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிய மரம் இன்று அவர் சமையலறைக்குத் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் பட்டால் அது மரம்போல நடந்துகொள்ளாது, காகிதம்போல நடந்துகொள்ளும்.

ஆகவே கீழே ஒன்று, மேலே ஒன்று. தரையைக் கழுவும் வீட்டில் கீழ்ப்பகுதி முழுவதும் அலுமினியமாக இருக்கட்டும். அல்லது பழைய முறைப்படி செங்கல் தடுப்புச் சுவர் கட்டி, டைல்ஸ் ஒட்டி, கதவு மட்டும் அலுமினியத்தில் போடுங்கள். ஊறாது, கரையான் தின்னாது. அலுமினியத்தின் குறை என்ன? மூடும்போது டங்கென்று சத்தம், சட்டத்தின் காடிகளில் பிசுக்கு சேரும், இடித்தால் பள்ளம் விழும். அதோடு வாழலாம். மேல்பகுதிக்கு எம்டிஎப் அல்லது பிளைவுட், வெள்ளை மெலமைன் முகம். தண்ணீர் ஏறாத இடம். பளபளக்கும் அக்ரிலிக் கதவு ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் படுவதும் மேல்பகுதிதான். பலகை வாங்கும்போது இ1 அல்லது இ0 தரமா என்று கேளுங்கள். பசையிலிருந்து வெளியேறும் பார்மால்டிஹைடின் அளவைக் குறிப்பது அது, இ0 குறைவு. விளிம்புப் பட்டை நான்கு பக்கமும் ஒட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மூன்று பக்கம் ஒட்டிவிட்டு, சுவர்ப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். ஈரமும் கரப்பானும் அந்தப் பக்கமாகத்தான் வருகின்றன. கீல் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் போதும். எங்கே செய்தது என்ற ஆராய்ச்சி தேவையில்லை.

மேடைக் கல் பற்றி. குவார்ட்ஸ் என்று விற்பது இயற்கைக் கல் அல்ல. 90 விழுக்காட்டுக்கு மேல் கல்தூளும் மீதி பிசினும் சேர்த்து அழுத்தியது. நீர் உறிஞ்சாது, ஒரே நிறமாக அழகாக இருக்கும். ஆனால் பிசின் சூட்டுக்குப் பயப்படும். அடுப்பிலிருந்து இறக்கிய குவாலியை அப்படியே வைத்தால் தழும்பு விழும், சில நேரம் வெடிக்கும். "வைக்கமாட்டோம், பலகை வைத்துக்கொள்வோம்" என்பார்கள். தீபாவளிக்கு முதல் நாள் இரவு முறுக்கு சுடும்போது யார் பலகையைத் தேடுவார்கள்? கிரானைட் சூட்டைத் தாங்கும். ஆனால் நுண்துளை உண்டு, மஞ்சள் கறை ஏறும், ஆண்டுக்கு ஒரு முறை அடைப்பான் பூச வேண்டும். தூய வெள்ளையை விட்டுவிட்டு, புள்ளிகள் கலந்த வெளிர் சாம்பல் கிரானைட்டை எடுத்தால், வெளிச்சமும் குறையாது, கறையும் காட்டிக்கொடுக்காது. பணம் போதாவிட்டால் பெரிய போர்சலின் டைல்ஸை மேடையில் ஒட்டி, இடைவெளியை எபாக்சிப் பசையால் நிரப்புங்கள். சாதாரணச் சிமெண்டில் நிரப்பினால் ஒரு வாரத்தில் மஞ்சள் கோடுகள்.

எந்தக் கல்லானாலும் வீட்டுக்குள் உலர்வாக அறுக்க விடாதீர்கள். தண்ணீர் ஊற்றி, வெளியே வைத்து அறுக்க வேண்டும். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கல்லாக்கிவிடும். இந்தக் காரணத்துக்காகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது. அறுக்கும் பையனின் முகத்தில் வெறும் கைக்குட்டை இருந்தால் வேலையை நிறுத்துங்கள். அவன் யாரோ ஒருவரின் பிள்ளை.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. 20,000இல் பாதியைக் கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு வைத்துவிடுங்கள்: கூரை, குழாய், மின்சாரம், தரை. மிச்சப் பாதியில் கேபினெட்டும் கல்லும். கேபினெட் விலையை நீள அடிக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். மேலே தனி, கீழே தனி என்பதும், மூலையை இரண்டு பக்கமும் எண்ணிவிடுவார்கள் என்பதும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரியவரும். சிங்க், துளை வெட்டும் கூலி, இழுப்பறை, பழையதை அகற்றும் கூலி ஆகியவை உள்ளே அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவரா என்று பாருங்கள். முன்பணமாகப் பாதிக்கு மேல் கேட்பவர் உங்கள் பணத்தில் இன்னொரு வீட்டு வேலையை முடிக்கப் போகிறார் என்று பொருள். வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசி பத்து விழுக்காட்டைக் கதவெல்லாம் சரியாக மூடும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றப்பட்டால், 50,000 வெள்ளி வரையிலான வழக்கைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே பதியலாம். ரசீதும் எழுத்து ஒப்பந்தமும் இருந்தால் வாதம் சுலபம்.

நாள் கணக்கு: கூரைக்கு ஒரு வாரம், உடைத்துக் குழாயும் கம்பியும் போட இரண்டு வாரம், டைல்ஸ் இரண்டு வாரம். அதற்குப் பிறகுதான் கேபினெட்காரர் கடைசி அளவை எடுக்க வேண்டும். டைல்ஸும் அதன் பின்னால் இருக்கும் கலவையும் பக்கத்துக்கு இரண்டு, மூன்று செ.மீ. தின்றுவிடும், பழைய சுவர் நேராகவும் இருக்காது. மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளக்கிறாரா என்று பாருங்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டினால் அவரை அனுப்பிவிடலாம். பட்டறையில் செய்ய மூன்று, நான்கு வாரம். பொருத்த மூன்று நாள். பிறகு கல்லுக்கு அச்செடுத்து, அறுத்துக் கொண்டுவர இன்னொரு வாரம், பத்து நாள். கூட்டினால் மூன்று மாதத்துக்குள் மூச்சுப் பிடித்து வந்துவிடும், ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதம் எங்கள் பட்டறைகளில் நிற்க இடமிருக்காது. இந்த வாரமே கூரைக்காரரைக் கூப்பிடுங்கள். இடையில் அம்மாவுக்கு முன்பக்கக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மேசை, ஒரு அடுப்பு, ஒரு பைப்பு போட்டுக் கொடுங்கள். தெருவில் போவோர் வருவோரிடம் பேசிக்கொண்டே சமைப்பார். திரும்ப உள்ளே போக அவருக்கு மனம் வராமல் போகலாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

கடைசிக் கேள்வி, அம்மி. புதுக் கல் மேடை மேல் வைக்கலாமா என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அடியில் தாங்கல் இல்லாத இடத்தில் அந்தக் கனமும் அரைக்கும் அதிர்வும் சேர்ந்தால் கல் வெடிக்கும். பலகைக் கேபினெட் மேலும் வேண்டாம். பின்வாசலுக்குப் பக்கத்தில், கூரை நிழலுக்குள், செங்கல்லில் ஒரு திண்டு கட்டச் சொல்லுங்கள். அம்மா நின்று அரைப்பவரா, குந்தி அரைப்பவரா என்று கேளுங்கள். நின்று என்றால் திண்டு 60 செ.மீ., அம்மியோடு சேர்த்து இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும். குந்தி என்றால் இனிமேல் குந்த வேண்டாம் என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள், கேட்கமாட்டார். அப்படியானால் ஒரு சாண் உயரத் திண்டும், எதிரே உட்கார ஒரு முக்காலியும் போதும். அம்மியின் வாய் வடிகால் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் தாழ்வாக ஒரு பைப்பு, அம்மாவின் இடது கைப் பக்கம். வலது கை குழவியில் இருக்கும். டைல்ஸ்காரர் கூலியாள்களோடு வரும் முதல் நாளிலேயே அம்மியைத் தூக்கி வைக்கச் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துப் புதுத் தரையில் அதை உருட்டிக்கொண்டு போக ஆள் கிடைக்காது, உருட்டினால் டைல்ஸும் மிஞ்சாது.